வாவிக்குள் போன கொங்கிறீட் மெசின்

தொலைபேசிக்குள் அந்தச் சத்தம் வதனிக்குத் தெளிவாகக் கேட்டது. பெரிய பாரமான சாமான் ஒன்று தண்ணீரில் விழுந்த சத்தம். அதைத் தொடர்ந்து பலபேர் ஒன்றாக "ஐயோ" என்றதும் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

மறுபக்கத்தில் அவளுடைய புருஷன் ரதீஸுக்கு மூச்சு வாங்கியது.

"எருமை," என்றான் பிறகு.

"எருமையா?"

"ஓம். எருமை ஒண்டு ஆத்துக்க பாய்ஞ்சிட்டு."

"நீங்க பாதையிலதானே நிக்கிறீங்க? நடு ஆத்தில எருமை எங்கால பாய்ஞ்ச?"

"நான் மறுகா எடுக்கிறன் வதனி," என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

மட்டக்களப்பு வாவியை அந்தப் பக்கத்து ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் மறுகரையான படுவான்கரைக்கும் போய்வருகிற மிதவைக்குப் பெயர் பாதை. ஆலையடித்துறைப் பாதையில், தன் சின்னப் பட்டா லொறிக்குப் பின்னால் கொங்கிறீட் குழைக்கிற மெசினைக் கொழுவிக்கொண்டு, அக்கரையில் புன்னஞ்சேனையில் ஒரு வீட்டுக்குக் கொங்கிறீட் கூரை, அதுதான் பிளேட், போடுவதற்காக ரதீஸ் அன்று காலையில் போயிருந்தான். மெசின் வதனியுடையது. குவைத்தில் வேலை செய்து திரும்பி வந்து, களுவாஞ்சிக்குடியில் வீடு கட்டுகிறவர்களுக்கு மெசினும் இரும்பு முட்டுகளும் தகரத் தட்டுகளும் ஏணிகளும் வாடகைக்கு விடுகிற தொழிலை அவள் தொடங்கியிருந்தாள். ஏற்றி இறக்குவது ரதீஸ். சாமான் திரும்பி வருகிற நேரம் கேற்றடியில் நின்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பதும், தடவிப் பார்ப்பதும், சந்தேகமென்றால் மணந்து பார்ப்பதும் வதனி. எதிலும் வெள்ளைப் பெயின்ரால் தன் பெயரை எழுதிவைத்திருந்தாள். ஏணியில் ஒவ்வொரு படியிலும் எழுதியிருந்தாள். ஒரு படியை மட்டும் கழற்றி மாற்றிவிட்டால் என்ன செய்வது?

அன்று பின்னேரம் ரதீஸ் பட்டாவோடு மட்டும் வந்தான்.

"பிளேட் அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போயிட்டு. மெசின் அங்க பத்திரமா நிக்குது," என்றான்.

வதனி உள்ளே போய் அந்த வீட்டு மேசனுக்கு அழைப்பு எடுத்தாள். மேசன் அவள் கேட்பதற்கு முன்னமே, "பிளேட் அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போயிட்டு அக்கா. மெசின் இஞ்ச பத்திரமா நிக்குது," என்றார்.

வதனி தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ரதீஸ் அவளைக் கலியாணம் முடித்த காலத்திலிருந்து 'பத்திரமா' என்ற சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மேசனும் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. இரண்டு பேரும் எங்கேயோ இருந்து பேசிவைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் பார்க்கத் தொடங்கினாள். ரதீஸ் விடிந்ததும் பட்டாவை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது தலைமயிர் ஈரமாக இருந்தது. சோறு தின்கிற நேரம் தலையை ஒருபக்கம் சரித்துக் காதில் தட்டினான். சேட்டுக் கொலரில் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க குளிச்ச?"

"கிணத்தில."

"ஆர்ர கிணத்தில?"

"உன்ட அண்ணன்ட கிணத்தில."

"அண்ணன்ட கிணத்தில பாசி இல்லையே. போன கிழமைதானே இறைச்ச."

ரதீஸ் ஒரு கவளத்தை வாயில் போட்டு, அதை நெடுநேரம் மென்றான்.

சாமான் அறையிலிருந்த தடித்த நைலோன் கயிற்றைக் காணவில்லை. அவன் முகம் கழுவப் போன நேரம் தொலைபேசி அடித்தது. திரையில் 'மேனுகா நண்டு' என்று பெயர் விழுந்தது. அவன் ஈரக்கையோடு ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனான். திரும்பி வந்ததும், "நண்டு விக்கிற பொம்பிள," என்றான். ஆனால் வீட்டுக்கு நண்டு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

வதனி படுத்துக்கொண்டு இரண்டு வழியாக யோசித்தாள். ஒன்றில் அந்த நண்டுக்காரியோடு ஏதோ நடக்கிறது. இல்லாவிட்டால் ரதீஸ் மெசினை விற்றுவிட்டான். முதலாவதை நினைக்க நெஞ்சு எரிந்தது. அதனால் இரண்டாவதை முதலில் விசாரிப்பது என்று முடிவெடுத்தாள்.

விற்றிருந்தால் முகைதீன்பாவாவிடம்தான் விற்றிருக்க வேண்டும். காத்தான்குடியில் வாவிப் பக்கமாகப் பழைய இரும்பு வளவு வைத்திருக்கிறவர் அவர். காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வதனி ஸ்கூட்டியில் போய் இறங்கியபோது, பாதி வெட்டிய பஸ்ஸின் நிழலில் கதிரை போட்டு இருந்தார். அவளைக் கண்டதும் எழும்பினார். ஆனால் சிரிக்கவில்லை.

"வாங்க புள்ள. இரிங்க."

"கொங்கிறீட் மெசின் ஒண்டு வந்ததா காக்கா? சிவப்பு நிறம். வெள்ளையில பேர் எழுதியிருக்கும்."

"வரல்ல. நான் சொன்னா நம்பமாட்டீங்க. தேடிப் பாருங்க."

வதனி தேடித்தான் பார்த்தாள். பஸ்ஸுக்குப் பின்னால், நசுங்கிய பானைகளுக்கு அங்கால், கறுப்பு விரிப்புகளுக்குக் கீழே. அவர் பின்னாலேயே வந்து விரிப்புகளைத் தானே தூக்கிக் காட்டினார்.

"அந்த மூலையில ஒரு தகரம் சாத்தியிருக்கு. அதுக்குப் பின்னாலயும் பாத்திருங்க. இல்லாட்டி ஊட்ட போய் அந்தத் தகரத்தையே நெனச்சிட்டிருப்பீங்க."

அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் போய்ப் பார்த்தாள். தகரத்துக்குப் பின்னால் ஒரு பூனைதான் குட்டி போட்டிருந்தது.

"போன முற பொலிசோட வந்தீங்க," என்றார் முகைதீன்பாவா. "இந்த முற தனிய வந்திருக்கீங்க. அது நல்லம்."

சில வருடங்களுக்கு முன்பு, புன்னஞ்சேனையிலிருக்கிற வதனியின் அண்ணன் நல்லரத்தினத்தின் லேண்ட்மாஸ்டர் களவு போயிருந்தது. வயல் உழுகிற, கைபிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு மெசின். எடுத்து ஒரு போகம்கூட ஆகாத புதுச் சாமான். அந்தக் கிழமைதான் முகைதீன்பாவாவின் லொறி ஊருக்குள் பழைய இரும்பு வாங்க வந்துபோனது. லேண்ட்மாஸ்டர் நின்ற கொட்டிலை அவர் நின்று பார்த்ததைத் தன் கண்ணால் கண்டதாக வதனிதான் பொலிசுக்குச் சொன்னாள். பொலிஸ் வந்து வளவைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகு அவருடைய லொறி புன்னஞ்சேனைப் பக்கம் வருவதில்லை. வதனி அதற்காகக் கவலைப்படவும் இல்லை. அகப்படவில்லை என்றால் கழற்றி வெளியூருக்கு அனுப்பியிருப்பார் என்றே அவள் இன்றைக்கும் நினைத்திருந்தாள்.

வளவை விட்டு வெளியே வந்தவள் ஸ்கூட்டியை நேரே ஆலையடித்துறைக்கு விட்டாள்.

பாதை ஓட்டுகிற பூபாலப்பிள்ளை அவளைத் தூரத்தில் கண்டதுமே வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். அவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பொய் சொல்கிற பழக்கம் இல்லாத மனிதர். அதனால் அவருக்குப் பொய் சொல்ல வரவும் இல்லை.

"எங்க புள்ள இந்தப் பக்கம்?"

"அண்ணன்ட வீட்ட."

"இண்டைக்குப் பாதை ஓடாது. இஞ்சின் பழுது."

அவருக்குப் பின்னால் இஞ்சின் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு ஓட்டோவும் ஏற்கெனவே ஏறி நின்றன. வதனி ஸ்கூட்டியை ஏற்றினாள். பூபாலப்பிள்ளை வானத்தைப் பார்த்தார், பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

நடு வாவிக்கு வந்தபோது, வடக்குப் பக்கமாக ஒரு தோணி நின்றது. அதில் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் போட்ட ஒரு பெண் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தோணிக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. உச்சியில் வட்டமாக மயிர் கொட்டியிருந்த அந்தத் தலையை வதனி எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பாள்.

"இஞ்சாருங்க!"

தலை திரும்பியது. அவளைக் கண்டது. உடனே தண்ணீருக்குள் அமிழ்ந்தது.

பாதையிலிருந்த எல்லாரும் அந்த இடத்தையே பார்த்தார்கள். தோணியிலிருந்த பெண்ணும் பார்த்தாள். ஓட்டோக்காரர் தன் ஓட்டோவை விட்டு இறங்கி முன்னுக்கு வந்து நின்றார்.

"இப்ப நல்லா மூச்சுப் பிடிக்கிறான்," என்றார் பூபாலப்பிள்ளை. சொன்ன பிறகுதான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதென்று அவருக்கு விளங்கியது.

தோணிக்கு மற்றப் பக்கத்தில் தலை மெதுவாக, மூக்கு வரைக்கும், மேலே வந்தது.

"நான் கண்டுட்டன்! வெளிய வாங்க! ஆர் இந்தப் பொம்பிள?"

தோணிக்காரி தொப்பியைத் தூக்கினாள். "நான் மேனுகா அக்கா. சண்டை பிடிக்கிறதெண்டா இவரக் கரைக்குக் கொண்டுபோய்ப் பிடிங்க. அதுக்கு முன்னுக்கு என்ட வலைக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

"என்ன வலை?"

"உங்கட மெசின்ல கொழுவிக் கிழிஞ்ச நண்டு வலை."

அக்கரையில் இறங்கியதும், இடுப்பில் ஈரச் சாரனோடு நின்று ரதீஸ் எல்லாவற்றையும் சொன்னான். வைக்கோல் ஏற்றிய பெரிய நாலு சில்லு உழவு மெசின் ஒன்று பாதையில் முன்னமே நின்றதால் இடம் போதவில்லை. பட்டாவிலிருந்து கொங்கிறீட் மெசினைக் கழற்றி ஓரமாக நிறுத்தியிருக்கிறான். சில்லுக்குக் கல் வைத்திருந்தும் அது அசைந்துகொண்டே இருந்ததால் இழுவைக் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

"நீதான் எடுத்த. தூக்காட்டி என்னவோ ஏதோ எண்டு சந்தேகப்படுவாய். அதான் ஒரு கைய விட்டன்."

"'மெசின் கவனமா?' எண்டு கேட்டனே. 'கவனமாத்தான் இருக்கு' எண்டு சொன்னீங்களே!"

"நீ கேக்கக்குள்ள மெசின் இருந்த. நான் சொல்லி முடிக்கத்தான் போன."

வதனிக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதியை யார்மேல் வைப்பதென்று தெரியவில்லை. பூபாலப்பிள்ளையிடம் திரும்பினாள்.

"நீங்களும் மறைச்ச!"

"வெளிய தெரிஞ்சா விசாரணை எண்டு பாதைய நிப்பாட்டிப் போடுவானுகள் புள்ள. இஞ்ச இப்பிடி ஒரு சாமானும் முதல் விழுந்ததில்லை," என்றார் அவர். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய கண் புன்னஞ்சேனைப் பக்கம் போய்வந்ததை வதனி கவனித்து வைத்துக்கொண்டாள்.

ரதீஸ் மெசினைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சேற்றுக்குள் சில்லும் கம்பியும் காலில் தட்டுப்பட்டிருக்கின்றன. அதில் கயிறும் கட்டி, கயிற்றின் மற்ற முனையை ஆலையடித்துறைக் கரைக்கும் கொண்டுபோய்விட்டான். இனி இழுக்க ஒரு உழவு மெசின் வேண்டும்.

"அண்ணனிட்ட இருக்குத்தானே," என்றாள் வதனி.

பூபாலப்பிள்ளைக்கு இருமல் வந்தது.

புன்னஞ்சேனையில் நல்லரத்தினம் வயல் வட்டையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உழவு மெசினின் பெரிய சில்லுகளில் சேறு காயாமல் இருந்தது. வதனி விசயத்தைச் சொன்னதும், ஐயோ பாவம் என்றோ, எப்படி விழுந்தது என்றோ அவர் கேட்கவில்லை.

"எந்த இடத்தில?" என்றார்.

"பாதை போற வழிக்கு வடக்கால."

"வடக்காலயா? அதுக்குள்ள முதலை கிடக்கு. கயிறு கியிறு போடாதீங்க."

"இவர் இவ்வளவு நாளா அதுக்குள்ளதான் கிடக்கிறார். முதலை ஒண்டும் செய்யல்ல."

"இல்ல புள்ள, என்ட மெசின்ல கிளச்சும் பழுது."

"இப்பதானே வயலால வந்த?"

"வரக்குள்ளதான் பழுதாப் போன. எனக்கும் காய்ச்சல் காயுற மாதிரிக் கிடக்கு."

வதனி அவருடைய நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். வாவிக் காற்றுப்போலக் குளிர்ந்து கிடந்தது. புருஷன் பொய் சொல்வது அவளுக்குப் புதிதில்லை, அதைப் பிடிக்கவும் தெரியும். அண்ணன் தன்னிடம் பொய் சொல்வது இதுதான் முதல் தடவை. இவரும் ரதீஸும் சேர்ந்து என்ன செய்திருக்கிறார்கள்? விழுந்தது மெசின்தானா? இல்லாவிட்டால் மெசினை விற்றுவிட்டு, வேறு எதையோ தள்ளிவிட்டு நாடகம் போடுகிறார்களா?

"சரி அண்ணன். நான் வேற ஆளப் பிடிக்கிறன்."

அவர் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார். கடைசியில், "வேற ஆக்கள் வேணாம். நானே வாறன்," என்றார். அந்தக் குரல் வதனிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆலையடித்துறையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நல்லரத்தினம் வரப் பிந்தியது. ரதீஸுக்குப் பொறுமை போய்விட்டது. பெண்சாதிக்கு முன்னால் தன் பெயரைக் கொஞ்சமாவது திருத்திக்கொள்ள வேண்டுமென்று அவனுக்கு ஆசை.

"நான் பட்டாவால ஒருக்கா இழுத்துப் பாக்கிறன்," என்றான்.

"அதுக்குச் சக்தி காணாது," என்றாள் வதனி.

"சும்மா ஒரு சின்ன இழுவை."

கயிற்றைப் பட்டாவின் பின்பக்கத்தில் கட்டி, ஏறி இருந்து முடுக்கினான். பின் சில்லுகள் இருந்த இடத்திலேயே சுற்றி, பூபாலப்பிள்ளையின் வெள்ளைச் சாரனிலிருந்து மூக்குக்கண்ணாடி வரைக்கும் சேற்றை அடித்தன. கயிறு விறைத்தது. ஒருகணம் பட்டா முன்னுக்குப் போகிறது போலிருந்தது. பிறகு, தோண்டிய குழியிலிருந்து சில்லுகள் வழுக்கி, ஈரச் சரிவில் மெல்ல மெல்லப் பின்னுக்கு வரத் தொடங்கியது.

"பிரேக்க அடிங்க!"

"அடிச்சிட்டுத்தான் இருக்கிறன்!"

"அப்ப ஏன் வருது?"

"அதுக்கிட்டக் கேள்!"

பட்டா வாவிக்குள் இறங்கியது. கதவுக்கு மேலே தண்ணீர் வந்த பிறகுதான் நின்றது. ரதீஸ் தொலைபேசியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஜன்னலால் வெளியே வந்தான். கரையில் நின்றவர்களில் பாதிப்பேர் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் பிடிக்கவில்லை.

அந்த நேரம், பூபாலப்பிள்ளையின் உதவிப் பொடியன் ஓட்டிவந்த பாதையில் நல்லரத்தினம் உழவு மெசினோடு வந்து இறங்கினார். கயிறு கட்டியிருக்கிற பக்கத்தைப் பார்த்தார், தண்ணீருக்குள் நிற்கிற பட்டாவைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

"பட்டாவ மட்டும் இழுத்து விடுறன். பின்னுக்குள்ள கயித்த அறுத்து விடுங்க," என்றார்.

"ஏன் அறுக்கணும்?" என்று கேட்டாள் வதனி.

"ரெண்டையும் இழுக்க மாட்டாது."

"இழுத்துப் பாருங்க. மாட்டாட்டி அறுப்பம்."

இவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் உழவு மெசினுக்குத் திரும்பினார். பட்டாவின் முன்பக்கத்தில் சங்கிலியைப் பூட்டி இழுத்தார். உழவு மெசினின் முன் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பின. ஆட்கள் கத்தினார்கள். ஓட்டோக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிப்போய் அதன் மூக்கில் ஏறி இருந்தார்கள். பாரம் போதாமல் சேற்றுச் சாரனோடு பூபாலப்பிள்ளையையும் பிடித்து ஏற்றினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, களுதாவளைப் பிள்ளையாரைக் கூப்பிட்டார். மெசின் உறுமியது. பட்டா கதவுகளால் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மேலே ஏறியது. அதற்குப் பின்னால் கயிறு நேராக நின்றது. தண்ணீர் குமிழி விட்டது. சேற்று மணம் வந்தது.

முதலில் வெளியே வந்தவை இரண்டு கொம்புகள்.

உண்மையாகவே எருமை என்று ஒரு பெண் கத்தினாள். கொம்பில்லை. வளைந்த இரண்டு கைபிடிகள். கொங்கிறீட் மெசினுக்கு அப்படிக் கைபிடி கிடையாது. அவற்றுக்குப் பின்னால் துருப்பிடித்த உடலும், மட்டி ஒட்டிய சில்லுகளும், பாசிக்குள்ளால் ஒரு நீல நிறமும் வந்தன. அது கரையில் ஏறிப் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது.

வதனி கிட்டப் போனாள். முன் மூடியில் பாசியைக் கையால் வழித்தாள். கீழே வெள்ளைப் பெயின்ரில் எழுத்து இருந்தது. நல்லரத்தினம், புன்னஞ்சேனை. 'ன்' எழுத்தின் வால் நீளமாக இழுபட்டிருந்தது. அது அவளுடைய எழுத்து. புது மெசின் எடுத்த அன்றைக்கு, களவு போகாமலிருக்க அவள்தான் எழுதிக் கொடுத்தாள்.

உழவு மெசினின் சத்தம் நின்றது. நல்லரத்தினம் முதுகைக் காட்டிக்கொண்டு ஆசனத்திலேயே இருந்தார்.

"அண்ணன்."

"வேற ஆர்ரயாவது இருக்கும்," என்றார் திரும்பாமல்.

"என்ட எழுத்து அண்ணன்."

அவர் இறங்கி வந்து கரையில் குந்தினார். சேற்றில் விரலால் கீறிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். ஒரு கலியாண வீட்டில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு லேண்ட்மாஸ்டரோடு பாதையில் ஏறியிருக்கிறார். இஞ்சினை நிறுத்தவில்லை. அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

"முழிச்சுப் பாக்கக்குள்ள அது தன்ட பாட்டில ஆத்துக்க இறங்கிப் போய்க்கொண்டிருந்த. வயலுக்க போற மாதிரி. நான் கூப்பிட்டும் பாத்தன்."

யாரோ பின்னால் பொத்துக்கொண்டு சிரித்தார்கள். வதனி சிரிக்கவில்லை.

"பெண்சாதிக்கு என்னெண்டு சொல்லுற? களவு போன எண்டு சொல்லிட்டன். பூபாலண்ணனும் பாதைக்குப் பயந்து வாயத் திறக்கல்ல."

"அந்த மனிசன்ட வளவுக்குப் பொலிஸ் போன நேரமும் சும்மா இருந்தீங்களே!"

நல்லரத்தினம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "நான் களவு எண்டு மட்டுந்தான் சொன்ன. பாவாட பேர நான் சொல்லல்ல புள்ள. நீதான் சொன்னாய்."

பாவா கொட்டிலைப் பார்த்தது உண்மை. ஆனால் அந்த வழியால் போன எல்லாரும் புது லேண்ட்மாஸ்டரை நின்று பார்த்தார்கள். மற்றவர்கள் பார்த்தது அவளுக்கு அன்றைக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை.

கொங்கிறீட் மெசின் அன்று மத்தியானமே அகப்பட்டது. லேண்ட்மாஸ்டர் கிடந்த இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, குப்புறக் கிடந்தது. மேனுகா தோணியிலிருந்து கம்பால் குத்திக் கண்டுபிடித்தாள். அதன் வயிற்றுக்குள் நண்டுகள் குடியேறியிருந்தன. கரையில் கவிழ்த்ததும் அவை நாலா பக்கமும் ஓட, வேடிக்கை பார்த்தவர்கள் சாரனைத் தூக்கிக்கொண்டு துள்ளினார்கள். கிழிந்த வலைக்கு ஈடாக அந்த நண்டுகளையெல்லாம் மேனுகா பொறுக்கிக்கொண்டாள். ரதீஸ் இஞ்சினைக் கழற்றி வெயிலில் காயவைத்தான். எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். வதனி மட்டும் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள்.

அடுத்த நாள் அவள் நல்லரத்தினத்தை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனாள். அவர் வழியில் இரண்டு தடவை இறங்கப் பார்த்தார்.

முகைதீன்பாவா எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பவும் போட்டார்.

"என்ட மகள்ட மாப்பிள்ள ஊட்டார் கேட்டாங்க, 'பொலிசு வந்ததாமே' எண்டு. மகளுக்கு அது பெரிய கவல. நான் எடுக்கல்ல எண்டு சொன்னன். அத எல்லாரும்தானே சொல்லுவாங்க."

"மன்னிச்சுக்கங்க காக்கா," என்றார் நல்லரத்தினம்.

"மன்னிக்கிறன். ஆனா இஞ்ச சொன்னா எனக்கும் இந்த இரும்புக்கும்தானே கேக்கும்? ஊருக்கெல்லாம் கேக்கத்தானே என்னக் கள்ளன் எண்டு சொன்ன?"

அவர் வளவின் பின்பக்கம் போய்த் தன் லொறியைக் கொண்டுவந்தார். கூரையில் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. ஒலிவாங்கியை எடுத்து, வாயில் காற்றடித்துத் தூசு தட்டி, நல்லரத்தினத்தின் கையில் கொடுத்தார்.

"ஏறுங்க. ஒங்கட ஊருக்குப் போவம்."

அண்ணனும் தங்கையும் ஏற, லொறி பாதையேறி அக்கரைக்குப் போனது. பூபாலப்பிள்ளை அதை ஏற்றும்போது சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, மேலும் இரண்டு கல் வைத்தார். புன்னஞ்சேனைச் சந்தியில் நல்லரத்தினம் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "லேண்ட்மாஸ்டர்..." என்று முணுமுணுத்தார். முகைதீன்பாவா சத்தத்தைக் கூட்டினார். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. ஊர் நாய்கள் எல்லாம் எழும்பின.

"என்ட லேண்ட்மாஸ்டர ஒருத்தரும் களவெடுக்கல்ல! நான்தான் குடிச்சிட்டு ஆத்துக்க விட்டனான்!"

கேற்றுகளில் தலைகள் தெரிந்தன. ஆம்பிளைகள் மதிலில் ஏறிப் பார்த்தார்கள். அவருடைய மனைவி அகப்பையோடு வாசலுக்கு வந்தாள், முழுவதையும் கேட்டாள், திரும்பி உள்ளே போனாள். அதைக் கண்டதும் நல்லரத்தினத்தின் குரல் பழையபடி இறங்கிவிட்டது.

முகைதீன்பாவா ஒலிவாங்கியை வாங்கி, நடுவில் இருந்த வதனியிடம் நீட்டினார்.

"நானுமா?"

"நீங்களும்தான் புள்ள."

வதனி ஒலிவாங்கியை வாங்கினாள். குவைத்தில் எசமானியோடு வாதாடியவள். மேசன்மாரைக் கேற்றடியில் நிறுத்திக் கேள்வி கேட்டவள். இப்போது ஒலிபெருக்கியில் அவளுடைய மூச்சு மட்டும் ஊர் முழுக்கக் கேட்டது.

"நான் வதனி," என்றாள் கடைசியில். "பாவாக் காக்காட பேரப் பொலிசுக்குச் சொன்னது நான்தான். அவர் எடுத்தத நான் காணல்ல. சந்தேகத்தில சொன்னனான். அது பிழை."

லொறி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்கை முடிவில் ஒரு பெண் கையைக் காட்டி மறித்தாள்.

"அதெல்லாம் கேட்டுட்டம். பழைய பற்றறி எடுப்பீங்களா?"

முகைதீன்பாவா பிரேக்கை அடித்தார். இறங்கிப் போய்ப் பின்னாலிருந்து தராசை எடுத்து வைத்தார். அவள் பற்றறியைக் கொண்டுவந்து வைப்பதற்கு முன்னால், லொறிக்குள் எட்டி வதனியைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்தத் தராசு சரிதானா அக்கா? நீங்கதான் எல்லாத்தையும் பாக்கிற ஆள்."

வதனி இறங்கினாள். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்கு முன்பு உடம்பு தானாகக் குனிந்தது, கண் முள்ளுக்குப் போனது. முள் நேராக நின்றது. நிமிர்ந்தபோது முகைதீன்பாவா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்திருந்தது.

"சரிதான்," என்றாள் வதனி. "வைங்க."